பச்சை நூல்

செவ்வாய்ச் சந்தையில்
துண்டுக்கடியில் விரல் பிடித்து ஆட்டுக்கு விலை பேசும்
தரகர்களுக்குப் பின்னால்
செருப்புப் பெட்டியில் ஓட்டை போட்டு வைத்து விற்றான் ஒருவன்.
"ஃபிஞ்சு, பாய். சத்தம் கம்மி, தீனி கம்மி.
ஜோடி நானூறு."
ஆணுக்குக் கன்னத்தில் செம்மண் அப்பியிருந்தது.
கண்ணுக்குக் கீழே மை கரைந்து வழிந்தாற்போல் ஒரு கோடு
ரெண்டுக்கும்.

மேலப்பாளையத்தில் என் கடை எட்டுக்கு ஆறு.
மிஷினுக்கு நேர் மேலே ஆணியில் தொங்கியது கூண்டு.
"வாடகைக்கே வழியக் காணோம்,
இதுகளுக்குத் தினை வேறயா" என்றாள் ரஹ்மத்.
சொன்னவள்தான் உவரி மீன்காரியிடம் கேட்டு
கணவாய் ஓடு வாங்கி
முந்தானையில் முடிந்து வந்தாள்.

கூடு கட்ட நார் போடுங்க என்று விற்றவன் சொல்லியிருந்தான்.
நார் எதற்கு?
நோன்பு மாதம், தூங்காமல் தைத்த நாட்கள்;
காலடியில் கலர் கலராய்க் கிடந்தது நூல் வெட்டு.
அள்ளிப் போட்டேன்.
ஆண் தேர்ந்தெடுத்தது பார்க்க வேண்டும்!
வெள்ளை வேண்டாம். கறுப்பு வேண்டாம்.
பச்சையை மட்டும் இழுத்து இழுத்து
சிரட்டைக்குள் சுற்றிச் சுற்றி வைத்தது.
நாலு முட்டை.
குர்தா பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிசு.

பெருநாளுக்கு மறுநாள் ஷட்டரைத் தூக்கினேன்.
கால் மேலே, தலை கீழே.
அறுந்தால் துட்டு வாபஸ் என்று
வாடிக்கைக்காரர்களிடம் நான் சத்தியம் பண்ணுகிற நூல்.
அறவில்லை.

பிசிர் வெட்டும் கத்தரியால் விடுவித்தேன்.
கடைச் சாவி அளவுகூடக் கனமில்லை.
பெட்டை முட்டையை விட்டு இறங்கவில்லை,
என்னைப் பார்க்கவும் இல்லை.
அன்றிலிருந்து ஊசி இறங்குமுன்
தரையைக் கூட்டிவிடுகிறேன்.
கடை சுத்தமாயிருக்கே பாய் என்கிறார்கள் வருகிறவர்கள்.

பொரித்தது ரெண்டு, நின்றது ஒன்று.
கன்னம் சிவக்கத் தொடங்கியதும் தெரிந்தது, ஆண்.
அதுகள் இனத்தில் பெட்டை பாடாது.
அப்பனைக் கேட்டுத்தான் மகனுக்குப் பாட்டு வருமாம்.
இது யாரைக் கேட்கும்?

மிஷினைக் கேட்டிருக்கிறது.

டிர்ர்ர்ர். நிறுத்தம்.
டிர்ர்.
காலர் முனையில் ஊசியைத் துணிக்குள் இறக்கி
துணியைத் திருப்ப நான் எடுக்கும்
அந்த அரை மூச்சுகூடத் தப்பவில்லை.
எண்ணெய் காய்ந்த சக்கரத்தின் கிறீச்சும்
கடைசியில் ஒருதரம்.
முதல் நாள் நான் மிஷினுக்கு எண்ணெய் விட்டேன்.
மறுநாளும் கிறீச்சியது.

வாடகை மூணு மாதம் ஏறியபோது
நூல் கடை உதுமான் மகள் மசூதா அடம்பிடித்தாள்.
புதுப் பெட்டையோடு சேர்த்து அறுநூறு.
"கணவாய் ஓட்டையும் கொடுத்துட்டியளா" என்று மட்டும்
கேட்டாள் ரஹ்மத்.

ஒரு வாரம் கழித்து வந்து நின்றாள் மசூதா.
"மாமா, ஒங்க குருவி ரிப்பேரு.
பாடச் சொன்னா தைக்குது."
துட்டைத் திருப்பித் தரவா என்றேன்.
"அய்ய, வேண்டாம்" என்று ஓடிவிட்டாள்.

நேற்று மத்தியானம் கரண்டு போயிற்று.
கைக்குழியில் பாதித் தையலோடு நின்றது மோட்டார்.
தெருவில் ஃபேன்கள் ஒவ்வொன்றாய் அடங்கின,
எதிர்வீட்டு மாவரைக்கிற சத்தம் அடங்கியது.
எல்லாம் அடங்கிய பிறகும்
ரெண்டு வீடு தள்ளி மாடியில்
யாரோ தைத்துக்கொண்டிருந்தார்கள்.

நேர்த்தையல் அது. நீளமாய், பதறாமல்.
என் கையைவிட நல்ல கை.
மேலே தாய்க்குருவி
தினையைக் கொத்தாமல் தலையைச் சாய்த்து நின்றது.
செத்த பெடலில்
என் வலது கால் தானாய் அழுந்தியது.
முனை வந்ததும்
தூக்கினேன்.